புலி வராத நாளில் என்ன பாடம்?

கேள்வி: பிள்ளைகளோடு முதுமலை போகிறோம். புலியைக் காட்டியே தீரவேண்டும். உத்தரவாதம் உண்டா?
(ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: உத்தரவாதம் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் கிடைக்கும், டிக்கெட்டோடு. முதுமலையில் யானைச் சாணம் கிடைக்கும். வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். செரிக்காத நாரும் விதையும் அப்படியே கிடக்கும். யானை தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. மிச்சத்தில் வண்டு குடித்தனம் நடத்தும், விதை முளைக்கும். புலியைப் பார்த்தால் ஒரு செல்ஃபியோடு விஷயம் முடிந்துவிடும். சாணத்தைப் பார்த்தால் ஊட்டி வரை கேள்வி வரும்.

கேள்வி: நாங்கள் சென்னை அரசுப் பள்ளி. முதுமலைக்கெல்லாம் பஸ் வைக்கக் காசு இல்லை. என்ன செய்ய?
(ஓர் ஆசிரியை, சைதாப்பேட்டை)

பதில்: டீச்சர், பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே! கிண்டி தேசியப் பூங்கா. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்; ஒருகாலத்தில் கவர்னர் மாளிகைத் தோட்டம், 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. உள்காட்டுக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

போனதும் வெளிமானின் புழுக்கைக் குவியலைக் காட்டுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். ஆண் வெளிமான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து புழுக்கை போடும். 'இது என் எல்லை' என்று அது நட்டுவைத்த சர்வே கல் அது. அந்தக் குவியலைப் புதருக்குள் தேடாதீர்கள், திறந்த புல்வெளியில்தான் இருக்கும். வெளிமான் ஓடிப் பிழைக்கும் பிராணி. எதிரி வருவது தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும். புல்வெளியில் மரமும் புதரும் மண்டினால் புள்ளிமான் சமாளித்துக்கொள்ளும். வெளிமானுக்குப் போக்கிடம் இல்லை. 'மரம் வளர்ப்போம்' என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறோம். எங்கே வளர்ப்பது என்று எழுதச் சுவரில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் முக்கூர்த்தியில் மொட்டையாகக் கிடக்கும் மலையில் மரம் நடலாம் என்றிருந்தோமே?
(பசுமைப் படை மாணவர்கள், கோவை)

பதில்: மண்வெட்டியைக் கீழே வையுங்கள், தம்பிகளா. அது மொட்டை இல்லை, புல்வெளி; வரையாட்டின் சாப்பாட்டுத் தட்டு. நீலகிரியில் தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சீகையை நட்டார்கள். அது புல்வெளிக்குள் பரவ, இப்போது செலவழித்துப் பிடுங்குகிறார்கள்.

கேள்வி: கிண்டியில் உயிரியல் முடிந்தது. நிலவியலுக்கு எங்கே போவது?
(அதே ஆசிரியை)

பதில்: விடமாட்டீர்களே! கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் அடுத்த நிலையம், பரங்கிமலை. அங்கே உள்ள கருநீலச் சாம்பல் நிறக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இதே கல் இருப்பதைப் பார்த்து 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். கல்லறைக்குக் கல் போனது நம் பக்கத்திலிருந்து. பெயர் கிடைத்தது சார்னாக்குக்கு.

வயது சுமார் 250 கோடி ஆண்டு. உருவானது பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் சூட்டில். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். யாராவது ஒரு பொடியன், "அப்படின்னா மேலே எப்படி வந்தது மிஸ்?" என்பான். நிலம் உயர்ந்தது, மழையும் காற்றும் மேலிருந்ததை எல்லாம் கரைத்துக் கொண்டுபோயின, அடியில் இருந்தது வெளியே தெரிகிறது. 20 கிலோமீட்டர் தடிமனுக்குக் கல்லும் மண்ணும் எங்கே போயிற்று என்று அடுத்து கேட்பான். கடல் இருக்கும் திசையைக் காட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் என் பேரன் யெல்லோஸ்டோன் போய் 'ஜூனியர் ரேஞ்சர்' பேட்ஜ் வாங்கியிருக்கிறான். இங்குள்ள பேத்திக்கு நான் என்ன கொடுப்பது?
(ஒரு தாத்தா, கும்பகோணம்)

பதில்: பேரன் கொடுத்து வைத்தவன். 1872-ல் உருவான, உலகின் முதல் தேசியப் பூங்கா, காலடியில் எரிமலை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும் வெந்நீர். பூமி வேலை செய்வதை நேரிலேயே பார்த்துவிட்டான். ஆனால் பேட்ஜுக்கு முன்னால் அவன் ஒரு கையேட்டைப் பூர்த்தி செய்திருப்பான், ரேஞ்சர் முன் உறுதிமொழி எடுத்திருப்பான். பேத்திக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஐயா. பார்த்தது, கேட்டது, புரியாதது என மூன்று தலைப்பு. 'புரியாதது' காலியாக இருந்தால் பேட்ஜ் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கும் பவளத் துண்டை வகுப்பில் காட்ட எடுத்து வரலாமா?
(ஒரு வாசகர், பரமக்குடி)

பதில்: கூடாது. பாறை கட்டும் பவளம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே பட்டியலில் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. அலையைத் தடுக்க ஆளில்லாமல், 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போயின. வகுப்புக்கு முட்டை ஓடு போதும். அதுவும் பவளம் போலக் கால்சியம் கார்பனேட்தான். வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும். ஓடு கரைவதற்குள் ஆம்லெட்டைச் சாப்பிட்டுவிடுங்கள்.