சூடு போட்டுக்கப் போற பூனைக்கு

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. பெங்களூர்ல பொட்டி தட்டுற புள்ள, லீவு நாள்ல மரத்துல சூடு வச்சுப் படம் போடப் போறியாமே? அதுக்கு ஆன்லைன்ல பேனா, டப்பா நெறைய பித்தளை முனை எல்லாம் வந்து எறங்கியிருக்காம், உன் பாட்டி சொன்னா. புலியைப் பாத்து சூடு போட்டுக்கிச்சே ஒரு பூனை, அது கூட இவ்வளவு செலவு பண்ணல நைனா.

கோச்சுக்காதே. தொழில் நல்ல தொழில்தான். புல்லாங்குழல் பண்றவன் பழுக்கக் காய்ச்சின கம்பியாலதான் மூங்கில்ல தொளை போடுறான். பஸ்தர் பக்கத்து ஆளுங்க காஞ்ச சுரைக்குடுவை மேல சுட்ட கத்தியால கோலம் இழுக்கறாங்க. நீ வாங்கின பேனாவுல இன்னா அதிசயம் கீது? ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் பத்த வைக்கிற சால்ட்ரிங் கம்பிதான் அது, மூக்கு மட்டும் வேற. அதுக்காக ரிப்பேர் கடைக்காரன் கம்பியை ஓசி வாங்கிட்டு வந்துடாதே. அதோட முனையில பழைய ஈயம் ஒட்டியிருக்கும், அந்தப் புகை ஒடம்புக்கு ஆகாது.

ஓசின்னதும் ஞாபகம் வருது. நம்ம டேனரி ஊர்ல தோல் துண்டு சும்மாவே கெடைக்கும்ல? மரத்துல கை பழகுறதுக்குள்ள தோல்லயும் சுட்டுப் பாக்கலாம்னு உனக்குத் தோணும். தோணாம இருந்தா நீ பேரணாம்பட்டுக்காரனே இல்ல. ஆனா துண்டை எடுத்ததும் வெட்டு வாயைப் பாரு. உள்ள நீலமோ சாம்பலோ தெரிஞ்சா அது குரோம் தோல். டேனரியில வெட் ப்ளூன்னு அடுக்கி வச்சிருக்கானே, அதோட பிள்ளை. அதுல கம்பியை வச்சே, உள்ள கெடக்குற குரோமியம் சூட்டுல வேஷம் மாத்திக்கும். ஆறாம் நம்பர் குரோமியம்னு சொல்றாங்களே, மூச்சுக்குள்ள போனா புத்துநோய் வரைக்கும் கொண்டு விடுற வில்லன், அதுவாகலாம். பாலாத்துத் தண்ணியை டேனரிங்க கெடுத்துதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 1996-ல தீர்ப்பு சொல்லிச்சு. அந்தக் கேஸை நீ உன் மூக்குக்குள்ள மறுபடி நடத்தாதே.

உனக்கு வேண்டியது பட்டைத் தோல். குரோமியம் வர்றதுக்கு முன்னாடி இந்த நாட்டுல ஆவாரம்பட்டையில ஊற வச்சு, கடுக்காய்ல முடிச்சு எடுத்த சரக்கு. ‘ஈஸ்ட் இந்தியா தோல்’னு சீமைக்காரனே பேர் வச்சு வாங்கினான். வெட்டிப் பாத்தா உள்ளயும் வெளியயும் ஒரே பழுப்பா இருக்கும். அதுல சூடு நல்லா ஏறும். சும்மா கெடைக்காது, காசு குடுக்கணும். குடு.

சரி, மரத்துக்கு வா. தச்சன் கடையில தேக்குத் துண்டு பொறுக்கிட்டு வந்துருப்பே. தேக்குல எண்ணெய்ப் பசை, புகை அள்ளும், அது நெறத்துக்கு உன் கோடும் தெரியாது. பிளைவுட்டு பக்கமே போகாதே, அதுல எரியறது பசை. வெட்பாலை கெடைச்சா பாரு. சன்னபட்டணத்துல பொம்மை கடையறாங்களே, அதே மரம். வெள்ளையா, நயமா இருக்கும். அதுக்காக காட்டுக்குள்ள கத்தி எடுத்துக்கிட்டுப் போகாதே. ரேஞ்சர்கிட்ட சிக்கினாலாவது பேசிப் பாக்கலாம். எதிர்ல யானை வந்தா உன் பித்தளை முனை உதவாது.

220 நம்பர் உப்புத்தாளால ரேகை ஓடுற பக்கமாவே தேய், விரல்ல ஒண்ணும் தட்டாத வரைக்கும். பென்சில்ல படத்தை மெல்லிசா போட்டுக்க. இப்பத்தான் நீ பண்ணப் போற கூத்து ஆரம்பம். முனையைப் பலகை மேல வச்சுட்டு, அப்புறமா இழுப்பே. வச்ச எடத்துல கறுப்பா ஒரு குண்டுப் புள்ளி விழும், நிறுத்தின எடத்துல இன்னொண்ணு. கை நகந்துகிட்டே எறங்கணும், நகந்துகிட்டே ஏறணும். கோடு வெளுப்பா வந்துதுன்னு அழுத்துவே. கறுக்கறது நேரத்தால நைனா, உன் பலத்தால இல்ல. அழுத்தினா முனை வளையும், மரத்துல பள்ளம் விழும். மெதுவா இழு, தானா கறுக்கும். ரேகையில மெத்துன வரி ஒண்ணு, கெட்டி வரி ஒண்ணு மாத்தி மாத்தி வரும். மெத்துனதுல முனை முழுகும், கெட்டியில வழுக்கும். நேர்க்கோடு ஏன் திட்டுத்திட்டா வருதுன்னு கம்பெனிக்காரனுக்குப் புகார் எழுதாதே, அது மரம் பண்ற வேலை. முனையில கரி ஏறினா சூடு எறங்காது, அப்பப்ப தேச்சு எடு. ஃபேனை முனை மேல திருப்பினா கம்பி ஆறிப்போவும். புகை ஜன்னல் வழியா போற மாதிரி வை.

கரண்ட்டு போனா? நம்ம ஜில்லா வெயிலை வச்சுக்கிட்டா கவலைப்படுறே! ஒரு பூதக்கண்ணாடி வாங்கு. கத்திரியில உச்சி வெயிலைப் பலகை மேல ஒரு பொட்டா குவிச்சா தானா கரியும். உலகத்துல அதையே கலையா பண்றவங்க கீறாங்க. கண்ணுக்கு வெல்டிங்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்க. முடிஞ்சதும் பூதக்கண்ணாடியை மூடி வை. இல்லேன்னா பாட்டி காயப்போட்ட பொடவையில உன் முதல் ஓவியம் வந்துடும்.

பலகையில இன்னா எழுதறதுன்னு கேக்குறே. உன் பேர் வேணாம். உங்கப்பன் அதுல ஜ, ஷ், ஸ்ரீ எல்லாம் போட்டு வச்சிருக்கான். அந்தச் சுழியெல்லாம் இழுக்க கையைத் திருப்பக் கூடாது, பலகையைத் திருப்பணும். உனக்கு இப்ப ரெண்டும் திரும்பாது. ட, ப மாதிரி நேர்க்கோட்டு எழுத்துல ஆரம்பி. ‘டப்பா’ன்னு எழுதிப் பழகு. மேல வைக்கிற புள்ளி உனக்கு ஏற்கெனவே நல்லா வருது. காலை மட்டும் வளைச்சு முடிச்சுட்டா, பலகையை உன் பைக்குக்குப் பின்னாடி கட்டிக்கலாம், பொருத்தமா இருக்கும்.