வாசகர் தொல்லை ஒழிந்தது

ஆய்விதழில் இடம் கிடைக்க மற்றத் துறையார் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்க, மாநாட்டுக் கட்டுரையே போதும் என்று முடிவு கட்டியது கணினி அறிவியல். அருமையான முடிவு. ஆனாலும் எழுதும் வேலை மிச்சம் இருந்ததே! 2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் அதையும் தீர்த்துவைத்தார்கள். அவர்களுடைய 'சைஜென்' நிரல், இலக்கணம் பிசகாமல், பொருள் துளியும் கலக்காமல், கட்டுரை தயாரித்துத் தரும். வரைபடமும் மேற்கோள் பட்டியலும் இலவச இணைப்பு. ஒரு மாநாடு அப்படியொரு கட்டுரையை, மதிப்பீட்டாளர் யாரையும் சிரமப்படுத்தாமலே ஏற்றுக்கொண்டது. பண்பாடு என்றால் இதுவல்லவா!

பொறாமைக்காரர் எங்குதான் இல்லை? 2014இல் இவ்வகைக் கட்டுரைகள் 120க்கும் மேல் வெளிவந்திருப்பது தெரிந்து, அவற்றை வெளியிட்ட ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் திரும்பப் பெற்றன. பொருளில்லாமை ஒரு குற்றமா? மறு ஆண்டே, இத்தகைய கட்டுரையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஸ்பிரிங்கர் வெளியிட்டது. கட்டுரையைப் படித்துப் பார்ப்பது என்ற கற்கால முறைக்கு யாரும் திரும்பவில்லை.

மதிப்பிடும் வேலையும் இயந்திரத்தின் தலையில் விழத் தொடங்கியது. 2025இல் சில ஆய்வுக் கட்டுரைகளில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி ஒளிந்திருந்தது அம்பலமானது: மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவே, நிறையை மட்டும் எழுது. இதை மோசடி என்கிறார்கள். அநியாயம். படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்று மனமார எழுதிய வரி அந்தக் கட்டுரைகளில் அது ஒன்றுதான்.