அக்காவின் பிரதட்சிணம்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் குழுவோடு போகிறவர்களைப் பார்த்தால் தனியாகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். கொடி பிடித்தவர் பின்னால் ஓட வேண்டியதில்லை, பஸ் கிளம்பிவிடும் என்று பாதிச் சாப்பாட்டில் எழ வேண்டியதில்லை, நம் இஷ்டத்துக்கு நிற்கலாம், நடக்கலாம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கொடி பிடித்த வழிகாட்டி இல்லாத இடத்தில் கொடியில்லாத வழிகாட்டி ஒருவர் தானாக முளைத்துவிடுவார். கம்போடியாவின் அங்கோர்வாட்டில் என் அக்கா முளைத்தாள்.

அக்கா கும்பகோணத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்தில் இருந்து மட்டும்தான்.

அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்திலேயே வகுப்பு ஆரம்பித்தது. அங்கோருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. நம்மையே படம் பிடித்துச் சீட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். "பத்து டாலர் கூடப் போட்டா நாலு நாள் சும்மா கிடைக்குதுடா" என்றாள், ஆடித் தள்ளுபடியில் சேலை எடுக்கிற அதே குரலில். அந்த ஊரில் நாங்கள் அத்தனை நாள் இருக்கப்போவதே இல்லை என்று புரியவைப்பதற்குள் வரிசை எங்களைத் தாண்டிப் போயிருந்தது.

பணத்திலும் அங்கே ஒரு தர்மம் உண்டு. நாம் நீட்டுகிற டாலர் நோட்டின் ஓரம் நூலளவு கிழிந்திருந்தால் வாங்க மாட்டார்கள். மீதியாக அவர்கள் தருகிற ரியல் நோட்டு எந்தக் கோலத்தில் இருந்தாலும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். இளநீர் குடித்துவிட்டு ஆயிரக்கணக்கில் மீதி வாங்கியதில் அக்காவுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

இதற்கிடையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருவர், "தமிழ் மன்னன் கட்டிய கோயிலைத் தரிசிக்கும் எம் குலக்கொழுந்துகள்" என்று எங்கள் படத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். கட்டியவன் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விஷ்ணுவுக்காகக் கட்டினான் என்று பதில் போட்டேன். "படித்த திமிர்" என்று ஒரே வரியில் வரலாற்றை முடித்துவைத்தார்.

உண்மையான சிக்கல் கோயிலுக்குள்தான். அங்கோர்வாட் மேற்கு பார்த்த கோயில். சுற்றுப் பிரகாரத்துச் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள். அவற்றை இடமிருந்து வலமாக, அதாவது அப்பிரதட்சிணமாகப் பார்த்துக்கொண்டு போனால்தான் கதை ஓடும். ஈமச் சடங்கில்தான் இப்படிச் சுற்றுவது வழக்கம் என்பதால், இது மன்னனின் நினைவாலயமாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். கையேட்டில் இருந்த இந்தத் தகவலை நான் வாசித்திருக்கக் கூடாது.

"கருமாதிக்குத்தான் அப்படிச் சுத்துவாங்க. உசிரோட இருக்கிற நான் எதுக்குடா சுத்தணும்?" என்று சொல்லிவிட்டு அக்கா இடப்பக்கம் திரும்பி நடந்தாள். உலகமே வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பிரதட்சிணமாகப் போனதில் இதிகாச புராணமெல்லாம் பின்னாலிருந்து முன்னால் வந்தன. கிழக்குப் பிரகாரத்தில் சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள். எல்லோரும் அசுரர் பக்கத்தில் தொடங்கி நடுவில் இருக்கும் விஷ்ணுவிடம் வருவார்கள். நாங்கள் வாசுகியின் வால் பக்கமாக நுழைந்தோம். அந்தக் கோடியில் வாலைப் பிடித்து நிற்பது ஒரு பெரிய குரங்கு. "பாற்கடல்ல இவனுக்கு என்ன வேலை?" என்று அக்கா நின்றுவிட்டாள். சிற்பியை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பாள், ஆள் அகப்படவில்லை.

தெற்குப் பிரகாரத்தில் நிலைமை முற்றியது. யமன் எருமைமேல் அமர்ந்து தீர்ப்பு சொல்ல, சித்திரகுப்தன் தள்ளிவிட, பாவிகள் கீழே நரகங்களில் வதைபடுகிறார்கள் என்பது முறையான வரிசை. எங்களுக்கோ முதலில் தண்டனை, பிறகு விசாரணை. "நம்ம ஊர் மாதிரியே இருக்குடா" என்றாள்.

அதைத் தாண்டினால் சூரியவர்மனின் படை. அது கிழக்கு நோக்கி அணிவகுத்துப் போகிறது. நாங்கள் மேற்கு நோக்கிப் போனதால் யானை, குதிரை, ஈட்டி எல்லாம் எங்கள்மேல் பாய வந்தன. கூடவே, கல்லில் இல்லாத படைகளும். குடைக்கொடி உயர்த்திய சீனக் குழு, கொரியக் குழு, பிரெஞ்சுக் குழு. ஒவ்வொரு வழிகாட்டியும் பணிவாக எதிர்ப்பக்கம் கைகாட்டினார். அக்கா ஒவ்வொருவருக்கும் தமிழில் பதில் சொன்னாள். எல்லோரும் வழிவிட்டார்கள். கெமர் பேரரசை எதிர்த்துக் கும்பகோணம் ஈட்டிய ஒரே வெற்றி அநேகமாக இதுதான்.

மேல்தளத்துச் செங்குத்துப் படிகளில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் அனுமதி. அரைக்கால் சட்டைக்காரர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சேலையைக் கண்டதும் காவலர் கும்பிட்டே விட்டார்.

உள்ளே எல்லாம் புத்தராக இருக்கிறாரே, பெருமாள் எங்கே என்று வெகுநேரம் தேடியவளுக்கு, வெளியே வரும்போது மேற்குக் கோபுர வாயிலில் விடை கிடைத்தது. எட்டுக் கைகளோடு நெடிய விஷ்ணு. மேலே மஞ்சள் துணி, முன்னால் ஊதுவத்தி. உள்ளூர்க்காரர்கள் 'தா ரீச்' என்று சொல்லி இன்றும் கும்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு கெமர்ப் பாட்டி ஊதுவத்தியில் பாதியை அக்காவிடம் நீட்டினாள். இருவரும் அவரவர் மொழியில் நீண்ட நேரம் பேசினார்கள். எதைப் பற்றி என்று கேட்டதற்கு "முழங்கால் வலி" என்றாள்.

அடுத்து ஜாவாவின் போரோபுதூர் போக வேண்டுமாம். அங்கே சிற்பங்களைப் பிரதட்சிணமாகத்தான் பார்க்க வேண்டும் என்று அக்கா விசாரித்து வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் வழிகாட்டி இல்லாமல் அதன்மேல் ஏற விடுவதில்லை. அந்த வழிகாட்டி யாரோ, எவரோ, அவரை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.