பொருள்: பாதியில் நிற்கும் கண்ணாடி – நன்றி தெரிவித்தல் தொடர்பாக

அனுப்புநர்: கூரை திறக்கும் பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவன், விழுப்புரம்.

பெறுநர்: வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை, பெயர் சொல்லிச் சங்கடப்படுத்த விரும்பாத ஒரு வெளிநாட்டுக் கார் நிறுவனம்.

பார்வை: தங்களின் ‘இருப்பில் இல்லை’ மின்னஞ்சல்கள்.

ஐயா / அம்மா,

டிரைவர் பக்கப் பவர் விண்டோ பாதி இறங்கி நின்றுவிட்டது, ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் சுற்றுகிறது, கண்ணாடி மட்டும் அசைய மறுக்கிறது என்று எழுதியிருந்தேன். ரெகுலேட்டர், கேபிள், மோட்டார் எல்லாம் சேர்ந்த செட்டாகத்தான் வரும், அந்தச் செட்டும் இந்த மாடலுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது என்று பதில் போட்டீர்கள். சட்டைப் பொத்தான் கேட்டு வந்தவனிடம் ‘சட்டையோடுதான் தருவோம், சட்டையும் இல்லை’ என்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். அதைப் பாராட்டவே இக்கடிதம்.

கூரையே திறக்கும் காரில் ஜன்னல் மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன என்று தாங்கள் நினைத்திருக்கலாம். ஆனால் இந்த வண்டிக் கதவுக்கு மேல்சட்டம் கிடையாது. கண்ணாடி மேலே போய்த் துணிக்கூரையின் ரப்பரில் அழுந்தினால்தான் அடைப்பு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது, எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரத்தில் தங்கள் தயாரிப்பின் மேல் நான் கட்டிய தார்ப்பாய் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனது. விடிந்து பார்த்தால் டிரைவர் சீட்டில் ஒரு தவளை. சீட் பெல்ட் போடவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தங்கள் அங்கீகாரம் பெறாத ஒருவரைத் தேடித் திண்டிவனம் கிளம்பினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் தூறல். “கண்ணாடிய ஏத்திக்கங்க சார், நனையுறீங்க” என்றார் ஊழியர். தங்கள் மின்னஞ்சலை அவருக்குப் படித்துக் காட்டியிருப்பேன், பின்னால் லாரிக்காரர் விடவில்லை.

திண்டிவனத்தில் மெக்கானிக் பாய் டோர் பேடைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஓரமாக உரித்தார். முழங்கை வரை கதவுக்குள் விட்டுத் துழாவி, நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இதான் சார் பூட்ச்சு. மோட்டாரு, கேபிளு எல்லாம் நல்லாத்தான் கீது.” கண்ணாடியின் அடியைப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரின் தடத்தில் ஏறி இறங்கும் கிளிப் அது. வெயிலில் காய்ந்து மொறுமொறுத்து இரண்டாக உடைந்திருந்தது. அதை வார்த்தவர்களுக்குத் திண்டிவனத்து மே மாதத்தை யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை போலும்.

பக்கத்து லேத்தில் நைலான் கட்டையில் அதே அளவுக்கு ஒன்றைக் கடைந்து வாங்கி மாட்டினார். ரப்பர் பீடிங்கைத் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடித்தார். கதவின் அடியில் அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைகளைக் கம்பியால் குத்தினார், ஃபெஞ்சலின் மிச்சம் என் செருப்பில் கொட்டியது. ஸ்விட்சை அழுத்தினேன், கண்ணாடி ஏறியது. கோளாறு என்னவென்று ‘கண்டறிய’ மட்டும் தங்கள் சர்வீஸ் சென்டர் கேட்ட தொகையைவிட, கடைசல் கூலியையும் சேர்த்து அவர் வாங்கியது குறைவு. தொழில் தர்மமே தெரியாத மனிதர்.

இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டம் வேறு துணைபோகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேரையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளின் கைக்கு எட்டாமல் வைத்திருந்தார்களாம். அந்த 14-இல் தாங்களும் உண்டா என்று கேட்பது நாகரிகமல்ல. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளமே திறந்தது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. பாய்க்கு இவை எதுவும் தெரியாது. அபராதம் போட்டவர்களுக்கு நைலான் கடையத் தெரியாது. கணக்கு நேர்.

அமெரிக்காவின் பேக்கார்டு கார் 1940-லேயே பவர் விண்டோவோடு வந்துவிட்டது. எண்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு கிளிப்பைத் தனியாக விற்கும் தொழில்நுட்பம் தங்களுக்குக் கைகூடவில்லை என்பதைப் புரிந்துகொள்கிறேன். அடுத்த மாடலில் இந்தத் தொல்லையே வேண்டாம். கதவை ஒட்டிச் சீல் வைத்துவிடுங்கள். கிளிப் உடைந்தால் கதவு மாற்ற வேண்டும், கதவு கெட்டால் கார் மாற்ற வேண்டும் என்று மேனுவலின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டால் எங்களுக்கும் குழப்பமில்லை.

ஒரு சிறு விண்ணப்பம். இடது பக்கக் கண்ணாடியும் இப்போது முனக ஆரம்பித்திருக்கிறது. அதற்கான ‘இருப்பில் இல்லை’ பதிலை முன்கூட்டியே அனுப்பிவைத்தால், பாய் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்புமுன் நான் திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளன்