தொகுப்பிக்குப் பூட்டன் யார்? (கேள்வி-பதில்)

கேள்வி: மூலநிரலிலிருந்து லினக்சைக் கட்டி முடித்தாயிற்று. இனி எந்த மொழிகளைச் சேர்ப்பது?

பதில்: வேண்டிய மென்பொருள் எது என்று முடிவானால் மொழி தானே முடிவாகிவிடும். கெரார்ட் பீக்மன்ஸ் 1999-இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' நூலின்படி கட்டிய அமைப்பில் சி, சி++, பெர்ல், பைத்தான் ஆகியவை முன்பே இருக்கும். ரஸ்ட், ரூபி, ஜாவா முதலியவற்றுக்கு அதன் தொடர்நூல் வழிகாட்டும்.

கேள்வி: தேவைப்படாவிட்டாலும் ரூபியைப் போட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது, பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் அதையும் மீண்டும் கட்ட நேரும்.

கேள்வி: ரஸ்ட் தொகுப்பியைக் கட்டப் போனால், அது ஏற்கெனவே ஒரு ரஸ்ட் தொகுப்பியைக் கேட்கிறதே?

பதில்: கேட்கத்தான் செய்யும். தொகுப்பி என்பது மனிதர் எழுதிய மூலநிரலைக் கணிப்பொறி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவி. அக்கருவியும் ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பதிப்பையும் பெற்றெடுக்க முந்தைய பதிப்பு வேண்டும், அதற்கும் முந்தையது வேண்டும், இப்படியே தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஏறிப் போனால் குலமுதல்வராக நிற்பது ஓகேமல் என்னும் வேற்றுமொழியில் எழுதப்பட்ட தொகுப்பி! வம்சம் முழுவதையும் கட்டிக்கொண்டிருக்க இயலாது என்பதால் முந்தைய பதிப்பை ரஸ்ட் திட்டமே ஆயத்த நிலையில் தருகிறது. தன் முந்தைய பதிப்பைக் கேட்பதில் ஜாவாவும் இதே குலம். சி மொழியில் எழுதிய தொகுப்பியோடு 1.4 வரை வாழ்ந்த கோ மொழியும் 2015-இல் 1.5 பதிப்போடு இக்குலத்தில் சேர்ந்துவிட்டது. ரஸ்டை ஒதுக்கவும் வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸைக் கட்ட அது வேண்டும்.

கேள்வி: அந்த ஆயத்தத் தொகுப்பியை நம்பலாமா?

பதில்: இது கனமான கேள்வி. யூனிக்சைப் படைத்தவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன், 1984-இல் வெளியான தம் ட்யூரிங் விருது உரையில், தொகுப்பிக்குள் ஒரு கள்ளவழியை ஒளித்துவிட்டு, மூலநிரலில் அதன் தடயத்தை அழித்துவிட்டாலும், அதைக் கொண்டு கட்டும் அடுத்த தொகுப்பியிலும் அவ்வழி தொடரும் என்று காட்டினார். மூலநிரலை வரிவரியாகப் படிப்பவருக்கும் அது அகப்படாது. இதற்கு விடை தேடிய, கிக்ஸ் என்னும் லினக்ஸ் விநியோகத்தின் திட்டத்தார், 2023-இல், 357 பைட் அளவுள்ள விதை நிரலிலிருந்து தொடங்கித் தொகுப்பிகளின் சங்கிலியை ஜிசிசி என்னும் சி தொகுப்பி வரை கட்டிக் காட்டினர். வீட்டில் கட்டுபவர் அவ்வளவு தொலைவு போகாவிடினும், இறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடாமல் விடுவது தவறு.

கேள்வி: ஒரு மென்பொருளைக் கட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பதில்: தொகுப்பிக்குத் துணையான பின்யூட்டில்ஸ் தொகுதியை முதன்முறை கட்ட ஆன நேரமே அலகு, ஒவ்வொரு மென்பொருளுக்கும் நூல் தரும் எண்ணால் அதைப் பெருக்குக.

கேள்வி: ஃப்ரீடைப் ஹார்ஃப்பஸைக் கேட்கிறது, ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைக் கேட்கிறது. எது முதல்?

பதில்: ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், மீண்டும் ஃப்ரீடைப். எழுத்துருவை வரைவது முன்னது. 'கொ' என்று தட்டியதும் கொம்பைக் ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது பின்னது. ஆதலால் தமிழ் படிப்பவர் இந்த இரட்டை வேலைக்குச் சோம்பக் கூடாது.

கேள்வி: போட்ட மென்பொருளை நீக்குவது எப்படி?

பதில்: எத்தனை முறை சொன்னாலும் தகும்: நீக்கும் வேலை நிறுவும்போதே தொடங்குகிறது. 'டெஸ்ட்டைர்' என்னும் மாறியில் ஒரு தற்காலிக அடைவைக் கொடுத்து முதலில் அங்கே நிறுவிப் பார்த்தால், எந்தக் கோப்பு எங்கே போகும் என்று பட்டியல் எடுத்துவிடலாம்; ரஸ்ட் போன்ற பெரியவற்றை 'ஆப்ட்' அடைவின் கீழ்த் தனி உள்ளடைவில் வைத்தால், அந்த உள்ளடைவை அழித்தாலே போதும்.