வீட்டுக்குள் இடிமுழக்கம்

கேள்வி: நாங்கள் நால்வர்: டிரம்ஸ், பேஸ் கித்தார், எலெக்ட்ரிக் கித்தார், பாட்டு. இரண்டு நாள் வாடகைக்குச் சாமான் எடுத்து, வீட்டு மாடியிலேயே ஒலிப்பதிவு செய்ய உத்தேசம். கடையில் இருப்பதிலேயே விலையுயர்ந்த கண்டென்ஸர் மைக்கை எடுத்துவிட்டால் கவலை தீர்ந்ததல்லவா?

பதில்: தீராது, உரத்த வாத்தியத்தின் முன்னே முதலில் திணறுவது அதுவாகத்தான் இருக்கும். கண்டென்ஸர் மைக்கின் உடலுக்குள்ளேயே ஒரு சிறு மின்சுற்று இருப்பதால், சப்தம் ஓர் அளவைத் தாண்டியதும் அது தாங்கமாட்டாமல் நாதத்தைச் சிதைத்துவிடுகிறது. உலகப் பிரசித்தி பெற்ற நியூமன் யு87 மைக்கின் எல்லைகூட 117 டெசிபல்தான். அதிலுள்ள விசையைத் தட்டினால் இன்னும் 10 டெசிபல் கூடும். ஸ்னேர் டிரம்மின் தோலுக்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்தால் அந்த எல்லையும் போதாமற்போகலாம். 1965-ல் வெளிவந்த ஷ்யூர் எஸ்.எம்.57 போன்ற டைனமிக் மைக்கிலோ, காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைவதன்றி மின்சாரத்தை வேண்டி நிற்கும் சுற்று எதுவும் இல்லாமையால், எவ்வளவு பலமான அடியையும் அது நிதானமாக ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே ஸ்னேருக்கு ஒன்றும் கித்தார் ஆம்புக்கு ஒன்றுமாக அந்த வகையில் இரண்டு, கிக் டிரம்முக்கென்றே செய்யப்பட்ட ஏ.கே.ஜி. டி112 போன்ற ஒன்று, பாடுகிறவருக்கு ஒரு டைனமிக் மைக், பேஸ் கித்தாரை மைக் இல்லாமல் நேரே பதிய ஒரு டி.ஐ. பெட்டி என்று எடுங்கள். கண்டென்ஸர் வேண்டுமென்ற ஆசை நியாயமானதே. அவற்றில் இரண்டை டிரம்ஸுக்கு மேலே உயரத்தில், ஸ்னேரிலிருந்து இரண்டும் சமதூரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். தூரம் வித்தியாசப்பட்டால் ஒரே அடி இரு மைக்குகளுக்கும் முன்பின்னாக வந்து சேர்ந்து, ஸ்னேரின் வலு குன்றிவிடும்.

கேள்வி: என்னிடம் இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ் இருக்கிறது. போதாதா?

பதில்: மேலே சொன்னவற்றை எண்ணிப் பாருங்கள், ஏழு வருகின்றன. எட்டு மைக் இன்புட்டும், கண்டென்ஸருக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரமும் உள்ள இன்டர்ஃபேஸை வாடகைக்கு எடுங்கள். மைக்கில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவாகியிருந்தால்தான், கித்தார் பாட்டை விழுங்கிவிட்டதைப் பிற்பாடு சரிசெய்ய வழியுண்டு.

கேள்வி: டிரம்ஸைப் படுக்கையறையில் வைப்பதா, கூடத்தில் வைப்பதா?

பதில்: வாடகைக் கடையில் கிடைக்காத ஒரே சாதனம் உங்கள் வீடுதான் என்பதால், இந்தக் கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானதென்று கருதுகிறேன். 1970-71 குளிர்காலத்தில், லெட் செப்பலின் குழுவினர் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரிலுள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகைக்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வரவழைத்துக்கொண்டார்கள். 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்காக ஜான் பான்ஹாமின் டிரம்ஸை மாடிப்படியின் அடியில் வைத்து, பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் மேலேயிருந்து பேயர் எம்160 மைக் இரண்டைத் தொங்கவிட்டார். அந்தப் படிக்கூடத்தின் உயரமே அந்த டிரம்ஸுக்கு அத்தனை கம்பீரத்தைக் கொடுத்தது. அதே வண்டி 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மோந்த்ரோவுக்குப் போயிற்று. டீப் பர்ப்பிள் குழு பதிவு செய்யவிருந்த காஸினோ தீக்கிரையாகிவிட்டதால், குளிர்காலத்துக்காக மூடியிருந்த ஒரு ஹோட்டலின் நடைக்கூடத்தில் மெத்தைகளை அடுக்கி 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிந்தார்கள்.

அகன்ற கூடம் இருந்தால் அங்கேயே வையுங்கள். தாழ்ந்த கூரையுள்ள சிற்றறைதான் வாய்க்குமென்றால், சுவரோரம் மெத்தை சாத்தி, தரையில் ஜமக்காளம் விரித்து, மைக்குகளை வாத்தியத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினால் அடுத்த வீட்டுக்குச் சப்தம் போகாதாமே?

பதில்: தாராளமாகப் போகும். அறைக்குள் எதிரொலியைச் சற்று குறைப்பதன்றி அட்டையால் ஆவது எதுவுமில்லை. சப்தத்தைத் தடுப்பவை கனமும் காற்றுப் புகாத அடைப்புமே. அவை வாடகைக்கு வரா. சுவரை எளிதில் ஊடுருவுவது பேஸ் கித்தாரின் அடிநாதம், அதை டி.ஐ. பெட்டி வழியாக நேரே பதிந்து ஹெட்போனில் மட்டும் கேட்டால், அந்த வாத்தியம் வீட்டைவிட்டே வெளியேறாது. சிறிய கித்தார் ஆம்பை எடுங்கள். பெரியதைக் குறைத்து வைப்பதைவிடச் சிறியதை முழுமூச்சில் வாசிப்பதே பதிவில் நிறைவாக ஒலிக்கும். டிரம்ஸுக்கு மட்டும், அடுத்த வீட்டுக்காரரிடம் நேரில் போய் நாளும் நேரமும் சொல்லி அனுமதி பெறுவதைத் தவிர உபாயமில்லை.

கேள்வி: ஹெட்போன் எல்லோருக்கும் வேண்டுமா?

பதில்: நால்வருக்கும் நான்கு, காதை முழுதும் மூடும் வகையில், அவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் ஹெட்போன் ஆம்ப் ஒன்று. பாடுகிறவருக்குத் தம் குரல் கேளாவிட்டால் சுருதி நிலைக்காது.

கேள்வி: சாமான் கைக்கு வந்ததும் முதற்காரியம் எது?

பதில்: கடையிலேயே ஒவ்வொரு கேபிளையும் செருகிப் பார்ப்பது. ஸ்டாண்டுகளின் திருகு வழுக்குகிறதா என்றும் கவனியுங்கள். இன்டர்ஃபேஸ் உங்கள் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போவதை பதிவுக்கு முந்தின நாள் மாலையே உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவின் ஒலி அளவு வைக்கும்போது டிரம்ஸ்காரரைப் பாட்டின் மிக உக்கிரமான பகுதியை வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்துங்கள்; சோதனையின்போது அடித்ததைவிட, பாட்டு சூடு பிடித்ததும் அவர் நிச்சயம் பலமாகவே அடிப்பார்.