எரித்ததற்கு எத்தனை மதிப்பெண்?

பெறுநர்: துணைவேந்தர் அலுவலகம், மும்பைப் பல்கலைக்கழகம், கோட்டை, மும்பை.
அனுப்புநர்: மாஹிம்வாசியான தமிழ்ப் பெற்றோர் ஒருவர் (இனி 'மனுதாரர்').
பொருள்: நாவல் புராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் முறை குறித்து விளக்கம் கோருதல்.

மதிப்புக்குரியீர்,

மனுதாரரின் மகள் இலக்கிய மாணவி. புகழ்பெற்ற நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, கட்டுரையாக இல்லாமல் வேறு ஏதாவது வடிவத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். சார்ட் பேப்பர் வாங்கியாகிவிட்டது. ஸ்பைரல் பைண்டிங்குக்கு ஜெராக்ஸ் கடையில் சொல்லியாகிவிட்டது. நாவலை மட்டும்தான் இன்னும் வாங்கவில்லை. நல்ல முன்மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடிய மனுதாரருக்கு, தங்கள் பல்கலைக்கழகமே ஏற்று முத்திரை குத்திய ஒன்று அகப்பட்டது.

ஆண்டு 2010. நாவல், ரோஹின்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி'. 1991இல் வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல்வரை போன நூல், தங்கள் பி.ஏ. ஆங்கில இலக்கியப் பாடத்திலும் இருந்தது. சிவசேனையையும் மராத்தியரையும் அது இழிவுபடுத்துகிறது என்று சேனையின் மாணவர் அணி புகார் கொடுத்தது. பல்கலைக்கழக வாசலில் பிரதிகள் எரிந்தன. அன்றைய துணைவேந்தர் ராஜன் வேலுகர் தமது அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி நூலைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார். ஹால் டிக்கெட்டில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த இதே பல்கலைக்கழகத்தில் எத்தனை ஜன்னல் ஏறி இறங்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள், இந்த வேகத்தைக் கண்டு கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

புராஜெக்ட் என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. குழுவாகச் செய்தார்கள். வகுப்பறையை விட்டு வெளியே வந்து செய்தார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. முன்னின்றவர்களில் ஒருவர் தூய சவேரியார் கல்லூரி மாணவர் ஆதித்ய தாக்கரே. பின்னாளில் மாநில அமைச்சரே ஆனார். எந்தக் கேம்பஸ் இன்டர்வியூவில் இப்படி வேலை கிடைக்கும்? மிஸ்திரியும் அதே கல்லூரியில் படித்துத் தங்களிடமே பட்டம் வாங்கியவர்தான். அவருக்குக் கிடைத்தது எரிந்த அட்டை.

மதிப்பெண்தான் விளங்கவில்லை. மாநிலப் பள்ளி வாரியம் மொழிப்பாடத்தில் உள்மதிப்பீட்டுக்கு என்று வைத்திருந்த 20 மதிப்பெண்ணை ஒரு வருடம் எடுத்துப் பார்த்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2018இல் 89 சதவீதமாக இருந்தது, 2019இல் 77க்கு இறங்கியது. பதறிப்போய் மறுபடி கொண்டுவந்தார்கள். இந்த ஊரில் புராஜெக்ட் மதிப்பெண்ணுக்கு அவ்வளவு மதிப்பு. எரித்ததற்கு 20க்கு எத்தனை? அட்டையோடு எரித்தால் கூடுதலா?

மகளோ நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்தே விட்டாள். இப்போது வேறு தொல்லை. கதை 1971இல் நடக்கிறது. குஸ்தாத் நோபுள் என்ற பார்சி வங்கி ஊழியர் குடியிருக்கும் கட்டடத்தின் சுற்றுச்சுவர் போவோர் வருவோருக்கெல்லாம் கழிப்பிடம். நடைபாதை ஓவியன் ஒருவனைக் கூட்டிவந்து எல்லா மதத்துச் சாமிகளையும் அதில் வரையச் சொல்கிறார். நாற்றம் போய் ஊதுபத்தி மணக்கிறது. கடைசியில் சாலையை அகலப்படுத்த முனிசிபாலிட்டி சுவரை இடிக்க வருகிறது. மாஹிமிலிருந்து தாராவி வரை மாடிப்படி மூலைகளில் வெற்றிலை எச்சிலைத் தடுக்கப் பிள்ளையார், சிலுவை, மெக்கா மசூதி டைல்ஸ் வரிசையாக ஒட்டியிருப்பதை அவள் இப்போது கட்டடம் கட்டடமாகப் படமெடுத்துக்கொண்டு திரிகிறாள். எந்தச் சாமிக்கு எச்சில் குறைவு என்று பட்டியலும் போடுகிறாளாம். மனுதாரருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தோழி ஒருத்தி மெழுகைப் பிடித்துக்கொண்டாள். நாவலில் குஸ்தாத் பாந்திரா மவுண்ட் மேரி கோயிலுக்கு மெழுகு உருவங்களோடு போகிறார். அதே மாதிரி மெழுகுக் கால்களும் வீடுகளும் புதன்தோறும் மாஹிம் புனித மைக்கேல் கோயில் நொவேனாவுக்கும் வருகின்றன. விற்கும் பெண்களிடம், அதிகம் போவது காலா வீடா என்று கேட்டு எழுதுகிறாள். மாஹிமிலிருந்து பாந்திராவுக்கு ஓடையைக் கடக்கும் பாலச்சாலைக்கு 1840களில் பணம் கொடுத்தவர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி, ஒரு பார்சிப் பெண்மணி என்பதையும் வழியில் கண்டுபிடித்துவிட்டாள். இன்னொரு குழு 1971இன் நகர்வாலா வழக்கை நாடகமாக்குகிறது: பிரதமரின் குரல் என்று நம்பி, டெல்லி ஸ்டேட் வங்கித் தலைமைக் காசாளர் 60 லட்சம் ரூபாயை எடுத்துக் கொடுத்த கதை. நாவலின் முடிச்சே அதிலிருந்து பிறந்ததுதான்.

இதைவிட மோசம், மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் தாத்தா பாட்டிகளைப் பிள்ளைகள் பேட்டி எடுக்கக் கிளம்பியது. 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு தென்னிந்தியர் ஓட்டல்களுக்கும் லுங்கிகளுக்கும் என்ன நேர்ந்தது என்று அவர்கள் சொன்னால், நாவலாசிரியரின் குற்றம் பாதியாகக் குறைந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஆகவே மனுதாரரின் பணிவான வேண்டுகோள்: இனி எந்த நூலையாவது எடுக்கச் சொல்லி யாராவது வாசலுக்கு வந்தால், அவசர அதிகாரத்தைத் தேடும் முன்பு அவர்களிடமும் ஒரு புராஜெக்ட் கேளுங்கள். அத்தியாயவாரியாக, கையெழுத்தில், கடைசிப் பக்கம் வரை. வைவாவும் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மனுதாரர், மாஹிம்.